ஆயுத பூஜையன்று அணைத்த சுவிட்ச்

அன்று ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள். துறைத் தலைவர். கூட்டிப் பெருக்குகிற அக்கா. வாட்ச்மேன். ஆராய்ச்சி செய்த பெண். அட்டெண்டர், அது நான். பிறகு இன்குபேட்டருக்குள் பதினேழு முட்டைகள். அவற்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். உயிர் இருந்தது.

நான் எட்டாம் வகுப்பு முடிக்கவில்லை. திருநெல்வேலியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் இருபத்திரண்டு வருட வேலை. கண்ணாடிச் சாமான் கழுவுவேன். தவளை, மீன் வாங்கி வருவேன். அந்தப் பெண் வந்த பிறகு முட்டை.

கடை முட்டை ஆகாது. சேவலோடு திரிகிற கோழியின் முட்டை வேண்டும். அம்பாசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். தடவைக்கு அறுபது. கூடையில் உமி போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருவேன்.

வாட்ச்மேன் விடமாட்டான்.

"என்ன வே, நீருதான் பெட்டக்கோழியா? அடை காக்கீரு!"

"நீரு சேவலு. போய் கேட்டுல நின்னு கூவும்."

எதற்கு இத்தனை முட்டை என்று நானே ஒருநாள் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"கோழி உரிக்கும்போது பாத்திருப்பியள்லா அண்ணாச்சி. தொடை செவப்பா இருக்கும், நெஞ்சு வெளுப்பா இருக்கும்."

"ஆமா."

"செவப்புச் சதை பைய வேல செய்யும், அசராது. வெளுப்பு வேகமா இழுக்கும், சட்டுனு ஓய்ஞ்சிரும். நமக்கும் ரெண்டும் உண்டு. முட்டைக்குள்ள இருக்கும்போதே அது ரெண்டாப் பிரிஞ்சிருது. நரம்பு வந்து சொல்லித்தான் பிரியுதா, இல்ல சதைக்குத் தானாவே தெரியுதா? அதத்தான் பாக்கேன்."

பார்த்த விதம் இது. அடைக்கு வைத்த இரண்டாம் நாள் ஓட்டில் காசளவு ஓட்டை போடுவார். உள்ளே கரு ஒரு நகக்கண் அளவு இருக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்து, காலுக்கு நரம்பு போகிற இடத்தை ஊசியால் எடுத்துவிடுவார். ஓட்டையை டேப் போட்டு மூடுவார். பதினாலாம் நாள் திறந்து சதையை வெட்டிப் பார்க்க வேண்டும். அதற்குள் பாதிக்கு மேல் செத்துவிடும். செத்ததை எடுத்துப் போடுவது என் வேலை.

முதல் தடவை எல்லாம் செத்தன. இரண்டாம் தடவை பூஞ்சை பிடித்துவிட்டது. மூன்றாம் தடவையில் பதினேழு நின்றன. மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை நாள் நீட்டிக் கொடுத்தாயிற்று, இனி இல்லை என்று எழுத்திலேயே வந்துவிட்டது. ஐந்து வருட வேலை அந்தப் பதினேழில் இருந்தது.

பூஜை வந்தது பன்னிரண்டாம் நாள்.

மைக்ராஸ்கோப்பெல்லாம் துடைத்து வரிசையாக வைத்தோம். சந்தனம், குங்குமம். அக்கா பொரி கடலை கொண்டுவந்தாள். துறைத் தலைவர் சூடம் காட்டினார். "எல்லாத்தையும் அணச்சிருங்க. ஒரு நா ஓய்வு எடுக்கட்டும்" என்றார். ஒவ்வொரு வருடமும் சொல்வதுதான்.

"இன்குபேட்டர மட்டும் தொட்டுராதீங்க அண்ணாச்சி" என்றார் அந்தப் பெண்.

"தொடமாட்டேம்மா."

தொடவில்லை. அதன் மேலேயும் ஒரு பொட்டு வைத்தேன். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். எரிந்தது. எல்லாரும் போன பிறகு கதவைப் பூட்டினேன். வராந்தாவில் ஆய்வுக்கூடத்து மெயின் சுவிட்ச். அதற்கும் பொட்டு வைத்து, கீழே இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். வருடா வருடம் அப்படித்தான். கை செய்தது. நான் நினைக்கவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தப் பெண்ணின் போன் வந்தது.

"அண்ணாச்சி, இன்குபேட்டர் ஓடுதுல்லா?"

"ஓடுதும்மா. பாத்துட்டுத்தான் வந்தேன்."

மறுநாள் விடுமுறை. சூடு பார்த்து எழுத ஒன்பது மணிக்குப் போனேன். அந்தப் பெண் முந்தி வந்து, வாட்ச்மேனிடம் சாவி வாங்கித் திறந்திருந்தார். இன்குபேட்டர் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். விளக்கு இல்லை.

"கரண்டு இல்ல போல" என்றார்.

எதிர் வகுப்பில் யாரோ அணைக்காமல் விட்ட ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. நான் வராந்தாவுக்குப் போய் மெயினை மேலே தூக்கினேன். திரும்பி வந்து, "நாந்தாம்மா" என்றேன்.

அவர் குனிந்து தெர்மாமீட்டரைப் பார்த்தார். இருபத்தெட்டு. முப்பத்தேழரை இருக்க வேண்டியது.

ஒவ்வொன்றாக டேப்பை இடுக்கியால் தூக்கிப் பார்த்தோம். நரம்பு எடுத்த குஞ்சு காலை உதைக்காது. ரத்தக்குழாய் துடிக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பன்னிரண்டு துடிக்கவில்லை. ஐந்து துடித்தன, ரொம்பப் பைய.

துறைத் தலைவருக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"அஞ்சு இருக்குல்லா. அத வச்சு முடிச்சிரும்மா."

"சூடு போயிட்டு சார்."

"அத ஏன் எழுதுத?"

அந்தப் பெண் போனை வைத்தார். சூடு எழுதுகிற நோட்டு என் கையில் இருந்தது.

"முப்பத்தேழரைன்னு எழுதிருதேம்மா" என்றேன். "நான் எழுதுத நோட்டுதான். யாரு கேக்கப் போறா?"

"குளிர் பட்டா சதை வேற மாதிரி பிரியும் அண்ணாச்சி. நாளைக்கு வெட்டிப் பாத்து, இது நரம்பு இல்லாததால வந்ததா, குளிரால வந்ததான்னு நான் என்னத்தச் சொல்லுவேன்? எனக்கே தெரியாதுல்லா." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இருபத்தெட்டுன்னு எழுதுங்க."

எழுதினேன்.

அந்த ஐந்தும் மறுநாள் மதியத்துக்குள் அடங்கிவிட்டன. எல்லாவற்றையும் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தேன். வாட்ச்மேன் மண்வெட்டி எடுத்துத் தந்தான்.

மாதக் கடைசியில் ஆய்வேடு போகவில்லை. துறைத் தலைவர் எனக்கு எச்சரிக்கை எழுதிய ஒரு தாள் தந்தார். கையெழுத்துப் போட்டேன். வேலை போகவில்லை. போயிருந்தால் கொஞ்சம் தேவலை.

அந்தப் பெண் தன் மேசையைக் காலி செய்ய வந்தார். என்மேல் கோபம் இருந்திருக்கும், காட்டவில்லை. நோட்டைத் துறையில் ஒப்படைக்க வேண்டும், கடைசிப் பக்கத்தில் மொத்தம் எழுத வேண்டும்.

"மொத்தம் எத்தன முட்டை கொண்டாந்திய அண்ணாச்சி?"

மூன்று தடவையையும் கூட்டிச் சொன்னேன்.

நூற்று எண்பது.