ஐஸ்கிரீம் பெட்டிக்குள் எலிப் புரதம்

1. மரம் விழுந்த நாள்

ரத்தோட்டை வீதியில் ஒரு பெரிய பலாமரம் சாய்ந்து கரண்ட் கம்பியை அறுத்துக்கொண்டு விழுந்தபோது, எங்கள் ஆய்வுகூடத்து மைனஸ் எண்பது ஃப்ரீசருக்குள் டொக்டரின் எலிப் புரதம் இருந்தது.

எலிப் புரதம் என்றதும் எலியை அரைத்து எடுத்தது என்று நினைத்துவிடாதீர்கள். எலியின் உடம்பில் ஒரு ஹார்மோன் ரிசப்டர் இருக்கிறது. அதன் மரபணுவை வேறு செல்களுக்குள் வைத்து, அந்தச் செல்களையே அதைச் செய்ய வைத்து, சுத்தம் பண்ணி அனுப்புவார்கள். இப்படிச் செய்வதை ரீகொம்பினன்ட் என்போம். டொக்டர் பல மாதங்கள் காத்திருந்து வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தது. அதைக் கரைத்து, சின்னக் குழாய்களில் பிரித்து, உறைய வைத்திருந்தோம். உருகிவிட்டால் மறுபடி உறைய வைத்தும் நம்ப முடியாது.

நான் அங்கே டெக்னிக்கல் ஒஃபிசர். ஆராய்ச்சியை நடத்துகிற டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஃப்ரீசர் கதவில் கையை வைத்துக்கொண்டு, காய்ச்சல்காரப் பிள்ளையின் பக்கத்தில் நிற்பவரைப் போல நின்றார்.

“செல்வி, கரண்ட் எப்ப வருமாம்?”

“நாளைக்குத்தானாம் சார். ஜெனரேட்டரும் ஸ்டார்ட் ஆகல.”

“ஐயோ கடவுளே! எங்கயாவது ஒரு ஃப்ரீசர் பாருங்கோ. கெதியா!”

எனக்கு நினைவுக்கு வந்தது அலுவிகாரையில் நசீர் நானாவின் ஐஸ்கிரீம் கடை. அவரிடம் நல்ல ஜெனரேட்டர் இருந்தது. குழாய்களைச் சூடு ஏறாத ரெஜிஃபோம் பெட்டியில் ஐஸ் பேக்குகளுக்கு நடுவே அடுக்கி, டேப் சுற்றி ஒட்டினேன். யாரும் தெரியாமல் திறந்துவிடக் கூடாதே என்று, மூடியில் சிவப்பு மார்க்கரால் மூன்று மொழியிலும் பெரிதாக எழுதினேன்: எலி. திறக்க வேண்டாம்.

த்ரீவீலில் கொண்டுபோய் இறக்கினேன். நசீர் நானா கஸ்டமர்களைக் கவனித்துக்கொண்டே கேட்டார்.

“உள்ள என்ன மிஸ்?”

“எங்க டொக்டர் வெளிநாட்டுலருந்து எடுப்பிச்ச ஆராய்ச்சிச் சாமான் நானா. ஒரு நாளைக்குத்தான்.”

“வைங்க, வைங்க.” மூடியை அவர் பார்க்கவேயில்லை. நானே வெனிலா டப்பாக்களுக்கு மேலே வைத்தேன்.

2. பி.எச்.ஐ. வந்தார்

நசீர் நானாவின் மனைவி பரீதா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடிக்கவில்லை. பி.எச்.ஐ. என்கிற சுகாதாரப் பரிசோதகர் உள்ளே வந்தார். வழக்கமான செக்கிங். நேராகப் போய் ஃப்ரீசரைத் திறந்தார்.

“மே மொகத, முதலாளி?” என்றார். என்ன இது என்று கேட்ட அந்தக் குரலில் ஐஸ் இருந்தது.

நசீர் நானா எட்டிப் பார்த்தார். முகம் வெனிலா நிறமாகியது. “மிஸ்! எலியா கொண்டாந்தீங்க?”

“யா அல்லாஹ்! எலியா?” என்று பரீதா உள்ளேயிருந்து ஓடிவந்தார். கடையிலிருந்த இரண்டு பேர் நக்கிக்கொண்டிருந்த கோனைக் குப்பைக் கூடையில் போட்டார்கள்.

பி.எச்.ஐ. டேப்பை உரிக்கப் போனார். நான் பாய்ந்து பெட்டியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டேன்.

“தொறக்காதீங்க மாத்தயா! தொறந்தா செத்துரும்!” என்று சிங்களத்தில் கத்தினேன்.

“அப்போ இது உசிரோட இருக்கா?”

மூச்சு வாங்கச் சொன்னேன். “எலியே இல்ல மாத்தயா. வயிறு நெறஞ்சிருச்சு, சாப்பிட்டது போதும்னு ஒடம்பு ஒரு ஹார்மோன் அனுப்பும். அதக் கேக்குற காது மாதிரி ஒரு சாமான். எலி ஒடம்புல இருக்குறத மாதிரியே வெளிய செஞ்சது.”

“எலி இல்லன்னா எதுக்கு எலின்னு எழுதினீங்க?”

மூடியிலிருந்த சிவப்பு எழுத்தை உள்ளங்கையால் மறைத்தேன்.

பரீதா மட்டும் யோசித்தார். “அந்தக் காதுல ஒண்ண எங்க வூட்டு மனுஷனுக்கும் வைக்க ஏலுமா மிஸ்? மூணாவது தட்டு சோத்துக்கும் அவருக்குக் கேக்குறல்ல.”

பி.எச்.ஐ. சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. ஆய்வுகூடச் சாமானும் சாப்பாடும் ஒரே ஃப்ரீசரில் இருக்கக் கூடாது, ஏதாவது ஒன்று இப்போதே வெளியே போக வேண்டும் என்றார். அவர் சொன்னது சரி. எங்கள் ஃப்ரிட்ஜில் யாராவது சாப்பாட்டுப் பார்சல் வைத்தால் நானும் அதைத்தான் சொல்வேன். பெட்டியைத் தூக்கப் போனேன். வேறு எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் கண் கலங்கிவிட்டது.

நசீர் நானா என் கையைத் தடுத்தார். “வைங்க மிஸ். ஐஸ்கிரீம் நாளைக்கு லொறியில வரும். டொக்டரோட சாமான் வராதே.”

பெட்டியின் டேப்பும் டப்பாக்களின் சீலும் கலையவில்லை என்று பி.எச்.ஐ. பார்த்து உறுதி செய்தார். பிறகு அலுவிகாரை பஸ் தரிப்பில் நின்றவர்களுக்கும் பக்கத்துக் கோயிலுக்கு வந்தவர்களுக்கும் வெனிலா இலவசம். ஃப்ரீசர் காலியாகும்வரை பி.எச்.ஐ. நகரவில்லை. கடமைதான். கையில் ஒரு கப்பும் இருந்தது.

மறுநாள் கரண்ட் வந்தது. குழாய்கள் கல் மாதிரி இருந்தன. சில வாரம் கழித்து டெஸ்ட் செய்தபோது புரதம் ஹார்மோனைக் கச்சிதமாகப் பிடித்தது. டொக்டர் நன்றி சொல்லக் கடைக்கே வந்தார். பைண்டிங், அஃபினிட்டி, கேர்வ் என்று வெகுநேரம் விளக்கினார். நசீர் நானா மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“மிஸ், இப்ப நீங்க சொல்லுங்க.”

புதிதாக லேப் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் சாமான் என்னவென்று, அதற்கு இடம் கொடுக்கிறவருக்குப் புரிகிற மாதிரி முதலில் வாயால் சொல்லிவிடுங்கள். லேபிளைப் பிறகு எழுதலாம்.