மணல் கரண்டி

என் அண்ணன் பயர்மேன். ரயில் இன்ஜினுக்குள் டிரைவர் பக்கத்தில் நின்று தீயைப் பார்த்துக்கொள்கிற வேலை. எங்கள் ஊர் லாபிஸில் நம் ஆட்கள் எல்லாருக்கும் அது தெரியும். கல்யாணமோ சாவோ, அவர் போய் இறங்கினால் "பயர்மேன் வந்துட்டாரு, நாற்காலி போடுங்க" என்பார்கள். நீராவி இன்ஜின் நின்று ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்குப் பிறகு அவர் பள்ளிக்கூடத்தில் காவலாளியாகத்தான் இருந்தார். ஆனாலும் அந்தப் பேர் போகவில்லை.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். முதலில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினேன். பிறகு செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பது வருடம் பிட்டர். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்குப் பதினாறு வயதானபோது அவரிடம் ஒருமுறை கேட்டேன்.

"அண்ணே, ரயில் ஷெட்டுல ஒரு வார்த்த சொல்லி என்னையும் சேர்த்து விடுங்க."

வாசலில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தீக்கு முன்னாடி நிக்க ஆம்பள வேணும்டா. நீ போய் பால் வாளியத் தூக்கு."

தோட்டத்து லயத்தில் வரிசை வீடெல்லாம் சிரித்தது. மறுநாள் காலை வாளியைத் தூக்கினேன். பத்து வருடம் தூக்கினேன்.

ஆலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, அவர் வேலை செய்த வகை இன்ஜினைச் சின்னதாகச் செய்ய ஆரம்பித்தேன். கடையில் வாங்கிச் சேர்க்கிற சாமான் இல்லை. எல்லாம் கையால். பித்தளைத் தகடு, ஏர்கோன் மாட்டுகிற ஆட்கள் தூக்கிப்போட்ட செப்புக் குழாய், பழைய தண்ணீர்க் குழாயில் பாய்லர். நீளம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. உருவம் வர ஒரு வருடம் ஆனது.

உருவம் வந்தால் போதாது. உண்மையான இன்ஜினில் எங்கே எத்தனை ஆணி, எந்தக் குழாய் எப்படி வளைகிறது, அதெல்லாம் சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது விளையாட்டுச் சாமான். சிகாமட்டில் ஒரு சீனர் பழைய படங்கள் சேர்த்து வைத்திருந்தார். எல்லாம் பிளாட்பாரத்தில் நின்று எடுத்த படம். அடியிலும் உள்ளேயும் ஒன்றும் தெரியாது. அதனால் இன்ஜினைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஞாயிறுதோறும் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அவருக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி. இரண்டு கண்ணும் போயிருந்தன. ஒரு காலை எடுத்துவிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி விரலால்தான் பார்ப்பார்.

முதல் நாள் மடியில் வைத்தேன். மேலே தடவினார்.

"என்னடா இது? சோத்துப் பானைக்குச் சக்கரம் வச்சிருக்க?"

அண்ணி சமையற்கட்டில் இருந்து சிரித்தார். அண்ணனின் விரல் அடியில் போனது. அங்கே நின்றது.

"பிரேக் கட்டை தொங்குற இரும்ப ஒத்தையா வச்சிருக்க. ரெட்டைடா அது. நடுவுல ஊசி போவும். ஊசி முனைய உள்பக்கமா வளைக்கணும். வெளிய வளைச்சா ராட்ல இடிக்கும். முப்பது வருஷம் பிட்டரா இருந்து என்னத்தடா கிழிச்ச?"

கழற்றி மறுபடி செய்தேன். பன்னிரண்டு இரும்பு, ஆறு ஊசி. அடுத்த மாதம் சீனருக்கு வேறொரு படம் கிடைத்தது. தண்டவாளத்தில் குனிந்து எடுத்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இரட்டை இரும்பு. ஊசி உள்பக்கம் வளைந்திருந்தது.

அவர் சொன்னது ஒவ்வொன்றும் அப்படித்தான். தண்ணீர் வடிகிற குழாய், எண்ணெய்க் குப்பி, சக்கரத்துக்குப் பின்னால் யாரும் பார்க்காத மறையாணி. ஒன்றும் தப்பவில்லை. திட்டுவார். கேட்டுக்கொண்டு செய்வேன். ஒரு நாளாவது "சரியா இருக்குடா" என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

கடைசியாக உள்ளே. டிரைவரும் பயர்மேனும் நிற்கிற இடம்.

"நெருப்புக் கதவு பெருசா வை. சங்கிலி தொங்கும். சங்கிலியப் புடிச்சு இழுத்தா கதவு திறக்கும். திறந்தா மூஞ்சி பொசுங்கும். அது முன்னாலதான் நின்னேன்."

"வேற என்ன இருக்கும்?"

"வால்வு நாலு. வரிசையா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். உள்ள என்ன மளிகைக் கடையா வச்சிருந்தோம்?"

அப்படியே செய்தேன்.

சிகாமட்டில் ஒரு மண்டபத்தில் மாடல் ரயில் செய்கிறவர்கள் கூடினார்கள். கொண்டுபோய் மேசையில் வைத்தேன். கூட்டம் சேர்ந்தது. பழைய டிரைவர் ஒருவர் வந்திருந்தார். நம் ஆள். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். முதலில் இன்ஜினைத் தூக்கி அடியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அடேயப்பா. இது படத்தைப் பார்த்துச் செஞ்ச வேலை இல்லையே."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு போனில் லைட்டை அடித்து உள்ளே எட்டிப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார்.

"என்னங்க இது? எண்ணெய் எரிக்கிற இன்ஜினுக்குக் கரி இன்ஜின் கதவ மாட்டி வச்சிருக்கீங்க. கோயில் மணி மாதிரி சங்கிலி வேற. மணல் பெட்டி எங்க? கரண்டி எங்க?"

"என்ன மணல்?" என்றேன்.

சுற்றி நின்றவர்களுக்கும் சேர்த்துச் சொன்னார். எண்ணெய் எரித்தால் பாய்லர் குழாய்க்குள் புகைக்கரி பிடிக்கும். கதவில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பயர்மேன் கரண்டியில் மணலை அள்ளி அதன் வழியாகப் போடுவான். காற்று அதை இழுக்கும். மணல் குழாயைச் சுரண்டிக்கொண்டு போகும். புகைபோக்கியில் கறுப்பாகக் கக்கும்.

"தினம் பண்ற வேலைங்க. பயர்மேன் பொண்டாட்டி பேர மறந்தாலும் அத மறக்க மாட்டான். யாரு உங்களுக்கு இதெல்லாம் சொன்னது?"

"எங்க அண்ணன். கிம்மாஸ் ஷெட்டுல பயர்மேன்."

அவர் இன்ஜினை மறுபடி திருப்பி அடியைப் பார்த்தார்.

"தம்பி, உங்க அண்ணன் குழியில கிடந்த ஆளு. தண்டவாளத்துக்கு அடியில பள்ளம் இருக்கும், அதுல முட்டி போட்டுத் துடைக்கிற கிளீனர். கீழ ஒரு ஊசிகூடத் தப்பு இல்ல. மேல ஒண்ணும் சரியில்ல."

"அலமாக்!" என்று யாரோ மலாயில் வியந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். சீனரும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

ஊருக்கு பஸ்ஸில் திரும்பினேன். இன்ஜின் மடியில். ஷெட்டில் எனக்காக ஒரு வார்த்தை சொல்ல அவரால் முடிந்திருக்காது என்று அப்போதுதான் புரிந்தது. குழியில் கிடப்பவன் பேச்சை அங்கே யார் கேட்பார்கள்? அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் லயத்துக்கு முன்னால் வைத்து என்னை ஆம்பளை இல்லை என்றார்.

மறுநாள் போனேன். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணி பின்பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

"எனக்குத் தெரியும் தம்பி."

"எப்படி?"

"அவரு உடுப்ப நான்தானே துவைச்சேன். தீக்கு முன்னால நிக்கிறவருக்குச் சட்டைதான் மொதல்ல போவும். இவருக்கு எப்பவும் கால்சட்டை முட்டிதான் கிழியும். கல்யாணம் ஆன மொத மாசமே தெரிஞ்சிபோச்சு."

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"சொல்லி? கண்ணும் இல்ல, காலும் இல்ல. அந்தப் பேரு ஒண்ணுதான் அவருகிட்ட இருக்கு. உள்ள அப்படியே விட்டுடுங்க. யாரு எட்டிப் பாக்கப் போறா?"

"தப்பா இருக்கு அண்ணி."

"இருந்துட்டுப் போவட்டும்லா."

வீட்டுக்கு வந்து உள்ளே இருந்ததை எல்லாம் பிடுங்கினேன். பழைய டிரைவரிடம் போன் நம்பர் வாங்கியிருந்தேன். அவர் சொல்லச் சொல்ல வரைந்துகொண்டேன். சின்ன ஓட்டை வைத்த கதவு, வால்வுகள் அதனதன் இடத்தில், மணல் பெட்டி. கரண்டியைப் பித்தளைக் கம்பியில் அடித்துச் செய்தேன். அரிசி நீளம்தான். கிண்ணம், கழுத்து, பிடி எல்லாம் தெரியும். இன்ஜினிலேயே நன்றாக வந்த வேலை அதுதான்.

அடுத்த ஞாயிறு அவர் மடியில் வைத்தேன். அண்ணி சமையற்கட்டு வாசலில் நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. பார்த்தேன்.

"எல்லாம் சரியா இருக்கா பாருங்கண்ணே."

அடியில் தடவினார். தலை அசைந்தது. பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டார்.

"சங்கிலி எங்கடா?"

"எடுத்துட்டேன்."

"இது என்ன பெட்டி?"

"நீங்க சொல்லுங்க."

விரல் பெட்டியை விட்டு நகர்ந்தது. திரும்பி வந்தது.

"கரண்டி மாதிரி இருக்கு."

"கரண்டிதான். எதுக்குன்னு சொல்லுங்க."

கரண்டிக் கழுத்தை மறுபடி தடவினார்.

"எண்ணெய் ஊத்த" என்றார்.

"மணல் அள்ளிப் போட. உள்ள ஏறி நின்ன ஆளுங்க எல்லாருக்கும் தெரியும்."

விரலை வெளியே எடுத்தார். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஒரு நாளாச்சும் உள்ள ஏறுனீங்களா அண்ணே?"

அவர் முகத்தை அண்ணி இருந்த பக்கம் திருப்பினார்.

"தண்ணி குடு" என்றார்.

அதற்குப் பிறகு இன்ஜினைப் பற்றி அவர் பேசவே இல்லை. நான் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். யாராவது வந்து "பயர்மேன், எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் பதில் சொல்வதற்கு முன் காதைத் தீட்டுவார். நான் இருக்கிறேனா என்று. நான்கு மாதம் அப்படி இருந்தார். பிறகு போய்விட்டார்.

சாவு வீட்டில் அவர் மகன் பத்திரிகைக்குப் போன் போட்டான். மரண அறிவிப்புக்கு. பேர், வயது எல்லாம் சொன்னான்.

"தொழில் கேக்குறாங்க சித்தப்பா. முன்னாள் ரயில்வே பயர்மேன்னு சொல்லிடவா?"

இப்போது வீட்டில் மூத்தவன் நான்.

"கிளீனர்னு சொல்லு" என்றேன்.

அவன் அம்மாவைப் பார்த்தான். அண்ணி பிணத்தின் தலைமாட்டில் இருந்தார்.

"ஒரு வார்த்தைதானே தம்பி" என்றார்.

நான் அவனையே பார்த்தேன். மகன் போனில் கிளீனர் என்றான்.

மறுநாள் பேப்பரை எடுத்துக்கொண்டு பெக்கோக்கில் இருந்து அண்ணியின் தம்பி வந்தார். பிணத்தை எடுப்பதற்கு முன்பே, எல்லார் முன்னாலும், சத்தமாகக் கேட்டார்.

"என்னக்கா, கிளீனர்னு போட்டிருக்கு? பயர்மேன்னு சொல்லித்தானே அப்பா உன்னைக் கொடுத்தாரு? வண்டி கழுவுறவருக்கா வாக்கப்பட்ட?"

அங்கே ரெண்டு பேர் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார்கள். அண்ணி அழுவதை நிறுத்தினார். அதற்குப் பிறகு அன்றைக்கு அழவில்லை.

கருமாதி அன்று போனேன். மாலை போட்ட அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் இன்ஜினை வைத்திருந்தார்கள். குனிந்து உள்ளே பார்த்தேன். பெட்டி இருந்தது. கரண்டி இல்லை.

அண்ணி பின்னால் நின்றிருந்தார்.

"எங்கயாச்சும் விழுந்திருக்கும்" என்றார்.

விழாது. ஈயம் வைத்துப் பற்றவைத்தது நான். குறடு போட்டுத் திருகினால்தான் வரும். அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது.

அடுத்த வாரம் இன்னொரு கரண்டி செய்தேன். பற்றவைக்கிற சாமானை எடுத்துக்கொண்டு போனேன். படத்துக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து, இன்ஜினை மடியில் வைத்தேன். உள்ளே இருட்டாக இருந்தது. அண்ணி சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அந்த லைட்டக் கொஞ்சம் போடுங்க" என்றேன்.

போட்டார்.