ஷகிலா நிறுத்திய என் விரல்

போன வாரம் மீஞ்சூர் ஸ்டேஷனில் நின்றிருந்தபோது பாஸ்கர் சார் அழைத்தார். கும்மிடிப்பூண்டி தொழிற்சாலையில் எங்கள் மேலாளராக இருந்தவர். "நம்ம ஷகிலா பூட்டாங்கம்மா. நெஞ்சுவலியாம்" என்றார். ரயில் வந்தது. நான் ஏறவில்லை. ஷகிலாவின் வீடு இருக்கும் பழவேற்காட்டுக்குப் பஸ் பிடித்தேன்.

வழியெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது, இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் வந்த ஒரு காலைப்பொழுது. ஷகிலாவோடு வேலை பார்த்து, இன்று அவர் நினைவாக இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு அந்த நாள் தெரியும். கணினி அறைக்குள் நடந்தது தெரியாது.

புதிதாகப் போட்ட மென்பொருள் ஒன்று, இயந்திரங்களை ஓட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகளில் தன் குறிப்புகளைச் செருகிவிட்டிருந்தது. மேலே ஒரு தொடக்கக் குறி, கீழே ஒரு முடிவுக் குறி, நடுவே பத்திருபது வரிகள். அதைப் படிக்கத் தெரியாமல் எல்லா இயந்திரங்களும் நின்றன. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து அழிக்கச் சொன்னார் பாஸ்கர் சார்.

"ஒரு வாரம் ஆவும் சார். ஒரே வரி போதும்" என்றார் ஷகிலா. கறுப்புத் திரையில், கோப்புகளுக்குள் வரிகளைத் தேடி மாற்றும் 'செட்' (sed) கட்டளையை அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்: இந்தக் குறியிலிருந்து அந்தக் குறி வரை அழி. அவ்வளவுதான்! எனக்குக் கை பரபரத்தது. என்டரைத் தட்டப் போனேன்.

"இன்னா அவசரம் தேவி, கைய எடு!" என்று என் விரலைப் பிடித்துக்கொண்டார். "தொடக்கத்தப் பாத்துச்சுன்னா அழிச்சிக்கினே போவும். முடிவுக் குறி இல்லாத ஃபைல் இருந்தா? கடைசி வரி வரைக்கும் காலி."

முடிவுக் குறி இல்லாதவற்றைத் தேட வைத்தார். பதினொன்று வந்தன! அந்தப் பதினொன்றையும் கையால் சரிசெய்தோம். எல்லாவற்றையும் வேறிடத்தில் நகலெடுத்து வைத்தோம். "இப்ப தட்டு" என்றார்.

ஒரு மூச்சு விடுவதற்குள் முடிந்தது. சற்று நேரத்தில் பக்கத்துக் கொட்டகையில் முதல் இயந்திரம் உறுமியது. பிறகு இரண்டாவது, மூன்றாவது. நாங்கள் இருவரும் கத்திய கத்தலில் வாட்ச்மேன் ஓடி வந்தார்.

பாஸ்கர் சாரும் வந்தார். நடந்ததைச் சொன்னோம். "அந்தப் பதினோரு ஃபைல யாரு கண்டுபுடிச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஷகிலா சொன்னார்: "ரெண்டு பேருந்தான் சார்."

எத்தனையோ கட்டளைகள் மறந்துவிட்டன. அந்த மூன்று சொற்களை வைத்திருக்கிறேன்.