பாதி வாக்கியத்தின் உரையாசிரியர்

கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி போர்த்தியிருக்க, கைடு வாத்தியார் கண்ணாடியில் தெரியும் முடிதிருத்துபவரைப் பார்த்துச் சொல்கிறார்: “நீங்க வளர்ச்சியே இல்லாத கதாபாத்திரங்க. அன்னிக்குப் பார்த்த அதே சீப்பு, அதே பேச்சு. ஆனா கதைக்கு நீங்க ரொம்ப அவசியம்.” காதோரம் கத்தி இருக்கும்போது இப்படிப் பேசுகிற துணிச்சல் இலக்கியம் படித்தவர்களுக்கு மட்டுமே வரும். முடிதிருத்துபவரும் கோபித்துக்கொள்வதில்லை. “தலையை ஆட்டாதீங்க சார்” என்பதோடு சரி.

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கல்லூரியில் இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவர். பாடமாக வைக்கப்படும் நாவல்களுக்கு அவர் எழுதும் கைடுதான் ஊரெல்லாம் ஓடுகிறது. நாவல் ஒரு அலமாரியில் தூங்கும். கைடு பத்துக் கை மாறி நைந்துபோகும். மாணவர்கள் அதைப் படித்து எழுதுகிறார்கள். விடைத்தாள் திருத்துகிறவர்களும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்துகிறார்கள். ஆக, நாவலைப் படித்தாக வேண்டிய நிர்ப்பந்தம் யாருக்கும் இல்லாமல் ஒரு பெரும் கல்விப் பணி தங்குதடையின்றி நடந்துவருகிறது.

அவருடைய ஆய்வுமுறை எளிமையானது. தாய் வந்தால் தியாகம். வீட்டுக்காரர் வந்தால் சுரண்டல். மழை பெய்தால் மனப்போராட்டம், விட்டால் தெளிவு. விளக்கு எரிந்தால் நம்பிக்கை. அணைந்தால், “அதை ஆறு மார்க் கேள்வியாத்தான் கேப்பான், குறிச்சுக்குங்க” என்பார். எதைக் கேட்டாலும் ஆள்காட்டி விரலை உயர்த்தி, “இதுல கரு என்ன?” என்று கேட்பது அவர் வழக்கம். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் காலிக் குடத்தோடு வந்து புலம்பினார். மேல்மாடிக்காரன் மோட்டாரைப் போட்டு மொத்தத் தண்ணீரையும் இழுத்துக்கொள்கிறானாம். வாத்தியார் விரலை உயர்த்தினார்: “இந்தப் பிரச்சினையோட கரு என்னன்னு நினைக்கிறீங்க?”

“கருவும் இல்ல, உருவும் இல்ல சார். குழாயில தண்ணி வரல.”

வீட்டிலும் இதே விசாரணைதான். மனைவியை அவர் நீண்டகால ஆய்வுக்குப் பின் ‘முரண் பாத்திரம்’ என்று முடிவு செய்திருக்கிறார். “அப்படியா? முரண் இன்னிக்குச் சமைக்கலையாம், கடையில போய்ச் சாப்பிடுங்க” என்று அந்த அம்மாள் தன் பங்குக்குச் சான்றளித்தார். மகன் வேலைக்குப் போவதும் வருவதுமாக இருப்பதால் துணைப் பாத்திரம். மருமகளை மட்டும் எந்தப் பிரிவிலும் அடக்கவில்லை. வந்து கொஞ்ச காலம்தானே ஆகிறது, போதிய சான்றுகள் கிடைக்கவில்லை என்று விட்டுவைத்திருந்தார்.

மருமகள் கல்யாணத்துக்காகப் பாதியில் விட்ட பட்டப்படிப்பை அஞ்சல் வழியில் தொடர்ந்துகொண்டிருந்தாள். மாலையில் கூடத்தில் பெஞ்சுகளைப் போட்டு வாத்தியார் டியூஷன் நடத்தும்போது, அவளுக்கும் அதே பாடங்கள்தான் என்பதால், அடுப்பை அணைத்துவிட்டு வந்து கடைசிப் பெஞ்சில் உட்காருவாள்.

இனி, வாத்தியாரின் புகழுக்குக் காரணமான நாவலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவன் வீட்டில் நாத்தனாரின் கொடுமை தாங்காமல் தன் தையல் மிஷினைக்கூட விட்டுவிட்டு வெளியேறுகிற ஒருத்தியின் கதை அது. எங்கெங்கோ வேலை செய்து, பட்டு, தேறி, பல வருடம் கழித்து அந்த வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். வாத்தியாரிடம் உள்ள பிரதி பழைய புத்தகக் கடையில் வாங்கியது. காக்கி அட்டை போட்டுக் கெட்டியாக ஒட்டியிருக்கும். அதில் நாவல் இப்படி முடிகிறது: ‘கதவைத் தள்ளித் திறந்தாள். உள்ளே’

அவ்வளவுதான். முற்றுப்புள்ளிகூட இல்லை.

வேறு யாராக இருந்தாலும் அடுத்த பக்கத்தைத் தேடியிருப்பார்கள். வாத்தியார் இலக்கியம் படித்தவர். அந்த முற்றுப்பெறாத வாக்கியத்தில் வாழ்க்கையே அடங்கியிருப்பதைக் கண்டுகொண்டார். ‘உள்ளே என்ன இருக்கிறது என்று ஆசிரியர் சொல்லவில்லை, ஏனெனில் உள்ளே எதுவும் இல்லை’ என்று தொடங்கும் அவருடைய விளக்கம் கைடில் ஐந்து பக்கம் ஓடும். ‘முடிவின்மையே முடிவு’ என்ற தலைப்பை மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

ஒரு மாலை இந்த இடத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது கடைசிப் பெஞ்சிலிருந்து மருமகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “மாமா, அதுக்கப்புறம் கொஞ்சம் வருமே?”

“எதுக்கப்புறம்?”

“உள்ள நாத்தனார் அந்த மிஷினுக்கு எண்ணெய் விட்டுட்டு இருப்பா மாமா. இத்தனை வருஷமும் அதைத் துருப்பிடிக்காம பார்த்துட்டு இருந்திருப்பா. ரெண்டு பேரும் ஒண்ணும் பேச மாட்டாங்க. அப்புறம் இவ, ‘பசிக்குது’ம்பா. அதோட முடியும். எங்க வீட்டுல இருந்தப்ப லைப்ரரியில எடுத்துப் படிச்சேன்.”

வாத்தியார் கூடத்தை ஒருமுறை பார்த்தார். சிரிக்கத் தயாராக இருந்த முகங்களுக்கு அனுமதி வழங்குவதுபோல் புருவத்தைத் தூக்கினார். “இவ்வளவு பெரிய நாவல் ‘பசிக்குது’ன்னா முடியும்? ஆசிரியர் எழுதாததை நம்ம வீட்டு மருமக எழுதி முடிச்சுட்டா, கேட்டுக்குங்க!” கூடம் கொல்லென்று சிரித்தது. மருமகளும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள்; பாதியிலேயே உதடு நின்றுவிட்டது. “வேற எதையோ நினைச்சுட்டுச் சொல்றேன் போல மாமா” என்றாள்.

மறுநாளிலிருந்து அவளுக்கு அடுப்பில் ஏதாவது ஒரு வேலை டியூஷன் நேரத்தில் சரியாக வந்துவிடும். சில வாரம் கழித்துத் தேர்வுக்குப் பதிவு செய்யும் தேதி நெருங்கியபோது அவள் கணவனிடம் சொன்னது வாத்தியார் காதில் விழுந்தது: “எனக்கு எதுக்குங்க பரீட்சை? அவ்வளவு ஆசையாப் படிச்ச புத்தகமே தப்புத் தப்பா ஞாபகம் இருக்கு. என் மண்டையில என்னதான் ஏறியிருக்கோ.” வாத்தியார் செய்தித்தாளைத் தாழ்த்தி, மிகுந்த பெருந்தன்மையோடு, “பரவாயில்லம்மா, எல்லாருக்கும் எல்லாம் வந்துடாது” என்றார்.

பெருந்தன்மைக்கு வெகுமதி சீக்கிரமே கிடைத்தது. வாசகர் வட்டம் ஒன்றில் ‘முடிவின்மையே முடிவு’ பற்றிப் பேச அழைத்தார்கள். வாத்தியார் ‘உள்ளே’ என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேள்வி கேட்க யாரும் எழவில்லை, ஏனென்றால் வந்திருந்தவர்கள் எல்லாருமே அந்த நாவலைக் கைடில் படித்தவர்கள். கடைசியில் செயலாளர் அந்த நாவலின் புதிய பதிப்பையே நினைவுப் பரிசாகக் கொடுத்துக் கைகுலுக்கினார்.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோர இருக்கை. தன் அருமை வாக்கியத்தைப் புத்தம்புதுக் காகிதத்தில் பார்த்து மகிழலாம் என்று கடைசிப் பக்கத்துக்குப் போனார். அங்கே அது இல்லை. பின்னோக்கிப் புரட்டினார். பல பக்கங்களுக்கு முன்னால், ஒரு பக்கத்தின் அடியில் அது இருந்தது: ‘கதவைத் தள்ளித் திறந்தாள். உள்ளே’. அடுத்த பக்கத்தில் வாக்கியம் எந்தக் கூச்சமும் இல்லாமல் தொடர்ந்தது.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. பதிப்பகத்தார் தங்கள் இஷ்டத்துக்கு ஒட்டுப்போட்டுவிட்டார்கள்! யார் கொடுத்தது இந்த உரிமை? அதற்குள் கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது. நாத்தனார் கையில் எண்ணெய்க் கிண்ணம். துருப்பிடிக்காத மிஷின். இரண்டு பெண்களும் பேசவில்லை. புத்தகத்தின் கடைசி வரி: ‘“பசிக்குது” என்றாள்.’

வாத்தியாருக்குக் காது மடல் இரண்டும் சுட்டன. புத்தகத்தைப் படக்கென்று மூடினார். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்ததும், எழுத்து அவருக்குத் தெரிந்துவிடுமோ என்று அட்டையைக் கையால் மறைத்துக்கொண்டார். இறங்க வேண்டிய நிறுத்தம் எப்போது போனது என்று தெரியவில்லை.

வேர்க்க விறுவிறுக்க நடந்து வீடு வந்தார். மருமகள் தட்டை வைத்துவிட்டு வழக்கம்போலக் கேட்டாள்: “பசிக்குதா மாமா?”

அந்தக் கேள்விக்கு இவ்வளவு கூர்மை இருக்கும் என்று எந்த விமர்சகரும் எழுதி வைக்கவில்லை. “இல்லம்மா” என்றார். தண்ணீரை மட்டும் குடித்தார்.

அடுத்த நாள் பல உத்திகளை ஆராய்ந்தார். நாவலுக்கு இரண்டு வேறு மூலப்பாடங்கள் உண்டு, தன்னுடையதே தொன்மையானது என்று நிறுவலாமா? தன் பிரதியின் காக்கி அட்டையைப் பிரித்துப் பார்த்தார். தைத்த நூலோடு கடைசித் தாள்கள் மொத்தமாகக் கிழிந்துபோயிருந்த அடையாளம் சிரித்தது. அடுத்தபடியாக, நூல் தானே பேசட்டும் என்று புதிய பிரதியை அடுப்படி அலமாரியில் மருமகள் கண்ணில் படும்படி வைத்துவிட்டு ஒளிந்துகொண்டார். சற்று நேரத்தில் அவளே கொண்டுவந்து கொடுத்தாள்: “மாமா, உங்க புத்தகம் அடுப்படியில இருந்துச்சு. எண்ணெய் பட்டுடப் போகுதுன்னு துடைச்சு எடுத்துட்டு வந்தேன்.” திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்தப் புத்தகத்தைத் திறக்கிற உரிமை தனக்கில்லை என்பதுபோல் இரண்டு விரலால் பிடித்திருந்தாள்.

வாத்தியாரின் மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். “என்ன, மூஞ்சி காத்து போன பலூன் மாதிரி கிடக்கு?”

சொன்னார். நாவலாசிரியரின் நோக்கம், அச்சுத் தொழிலின் சீர்கேடு எல்லாவற்றையும் சுற்றி வந்து சொன்னார்.

“ஆக, அவ சொன்னதுதான் சரி.”

“அப்படி ஒரேயடியாச் சொல்லிட முடியாது...”

“ஏங்க, ‘உள்ளே’ங்கிற ஒரே வார்த்தைக்கு ஒரு மணி நேரம் பேசத் தெரியுதுல்ல? ‘நான் சொன்னது தப்பு’ன்னு சொல்ல வார்த்தை வரலையா?”

“இன்னிக்கே அவகிட்டத் தனியாச் சொல்லிடறேன்.”

“சிரிச்சப்ப தனியாவா சிரிச்சீங்க?” என்றுவிட்டு அந்த அம்மாள் எழுந்து போனார். மருமகள் தேர்வுக்குப் பதிவு செய்ய அன்றுதான் கடைசி நாள் என்பதைப் போகிற போக்கில் சொல்லவும் மறக்கவில்லை.

மாலையில் கூடம் நிறைந்திருந்தது. அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம். வாத்தியார் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று, “மருமகளே, கொஞ்சம் இங்க வாம்மா” என்று கூப்பிட்டார். அவள் ஈரக் கையோடு வந்து அடுப்படி வாசல்படியிலேயே நின்றாள். வாத்தியார் புதிய புத்தகத்தை விரித்துக் கடைசிப் பக்கங்களைப் படித்தார். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. எந்த இடத்திலும் நிறுத்தி விளக்கமும் சொல்லவில்லை. ‘பசிக்குது’ வந்ததும் மூடினார்.

“என் புத்தகத்துல கடைசித் தாள் எல்லாம் கிழிஞ்சிருந்துச்சு. எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி எழுதினேன். தெரிஞ்சவளைப் பார்த்து உங்களைச் சிரிக்க வச்சேன்.”

மருமகள் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எண்ணெய்க் கிண்ணம்” என்று மெல்லச் சொல்லிக்கொண்டாள், வேறு யாரிடமும் இல்லை, தன்னிடமே.

முதல் பெஞ்சு மாணவன் ஒருவன் எழுந்தான். கல்வியின் மீது உண்மையான அக்கறை கொண்டவன். “அதெல்லாம் சரி சார். பரீட்சையில எதை எழுதறது? புத்தகத்துல இருக்கிறதையா, கைடுல இருக்கிறதையா?”

“புத்தகத்துல இருக்கிறதை.”

“மார்க் போட மாட்டாங்களே சார். திருத்தறவங்க கையில உங்க கைடுதானே இருக்கும்?”

கூடம் முழுக்க அவர் வாயைப் பார்த்தது. வாசலில் நின்ற மருமகளும் பார்த்தாள்.

“அப்ப நான் எழுதினாலும் ஃபெயில்தானே மாமா?” என்றாள். கிண்டலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“கைடை மாத்தி எழுதறேன். திருத்தறவங்களுக்கும் எழுதிச் சொல்றேன்.” “கேப்பாங்களான்னு தெரியல. நீ எழுதும்மா.”

அவள் நகரவில்லை. விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாத்தியார் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் முதல் பெஞ்சுக்குப் போனார். கேள்வி கேட்ட மாணவனை, மருமகளுக்கு இடம் விடும்படி கையால் ஒதுங்கச் சொன்னார். அவன் உட்கார்ந்திருந்த இடத்தைக் குனிந்து தன் சட்டைக் கையால் துடைத்தார். அதில் தூசு எதுவும் இல்லை. நிமிராமல் துடைத்துக்கொண்டே இருந்தார்.