வாசக்கால் நிறுத்திய அன்று உடைந்த பொய்

சில வருடங்களுக்கு முன் பெய்த அடைமழையில், செஞ்சிக்குப் பக்கத்தில் எங்கள் மண்வீட்டின் பின்சுவர் இடிந்து விழுந்தது. தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு நானும் கணவரும், வயசுக்கு வந்த இரண்டு பெண்களும் அதற்குள் ஒடுங்கிக் கிடந்தோம்.

ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் ஒரு குழுவிடம் எழுதிக் கொடுத்தேன். "அது சர்ச்சுல ஆரம்பிச்சதாம். நம்மளுக்கு இன்னாத்துக்குக் குடுக்கப் போறாங்க?" என்றார் கணவர். எனக்கு வந்ததே ஒரு யோசனை! அங்காளம்மன் படத்தை அரிசி டிரம்முக்குள் ஒளித்துவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்து ஏசு படத்தை இரவல் வாங்கி மாட்டினேன்.

பார்க்க வந்தவர்கள் இரண்டு பேர். குழுவின் பொறுப்பாளரான ஓர் அம்மா, கழுத்தில் சிலுவை போட்டிருந்தார். மற்றவர் எங்கள் பக்கத்து மேல்சித்தாமூரைச் சேர்ந்த ஒரு சமணர். சாமியைப் பற்றி அவர்கள் கேட்கவே இல்லை. நான்தான் முந்திக்கொண்டு, "நாங்க ஏசுவத்தான் கும்புடறோம்மா" என்றேன். அந்த அம்மா படத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்க்கப் போய்விட்டார்.

வீடு கிடைத்தது. வீட்டுக்காரர்களும் கூட நின்று வேலை செய்ய வேண்டும் என்பது அவர்கள் முறை. காலையில் அந்த அம்மா ஜெபம் செய்வார். சமணர், எறும்புப் புற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடப்பாரையைப் போடுவார். பிறகு எல்லோரும் ஒன்றாக மண் சுமப்போம். ஒரே சொம்பில் தண்ணீர் குடிக்கக் குடிக்க, சொன்ன பொய் நெஞ்சை அறுத்தது. வெளியே சொன்னால் வீடு போய்விடுமோ என்ற பயம் வேறு.

வாசக்கால் நிறுத்தும் நாள் வந்தது. மஞ்சள் குங்குமம் வைக்காமல் அதை நிமிர்த்த எனக்கு மனசே வரவில்லை. ஓவென்று அழுதுவிட்டேன். "பொய் சொல்லிட்டம்மா. நாங்க அங்காளம்மனக் கும்புடறவங்க. வீட்டு வேலைய நிறுத்திடாதீங்க."

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "அன்னைக்கே தெரியும்க்கா! ஏசு நெத்தியில குங்குமம் வச்சிருந்தீங்களே!"

சாமி படத்தைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா? ஐயோ, வெட்கம் பிடுங்கித் தின்றது. "தெரிஞ்சுமாம்மா குடுத்தீங்க?" என்றேன்.

"வீடில்லாதவங்களுக்குக் கட்டிக் குடுன்னுதான் எங்க சாமி சொல்லியிருக்காரு. அவங்க யாரக் கும்புடறாங்கன்னு கேக்கச் சொல்லல. போங்க, மஞ்சள எடுத்துட்டு வாங்க. நல்ல நேரம் போயிடப் போவுது" என்று விரட்டினார். நான் பொட்டு வைத்து முடிக்கும் வரை, அவரும் சமணரும் ஆளுக்கொரு பக்கம் வாசக்காலைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். எப்பேர்ப்பட்ட மனுஷர்கள்!

இப்போது நானும் அவர்களோடு அடுத்தவர் வீட்டுக்கு மண் சுமக்கப் போகிறேன். தலைக்கு மேல் கூரை இல்லாதவரிடம் என்ன சாமி கும்பிடுகிறீர்கள் என்று கேட்டால் பயம்தான் பதில் சொல்லும் என்பது எனக்குத் தெரியும், அதனால் நான் யாரிடமும் அதைக் கேட்பதில்லை.