போனைப் பிடித்த கை

பாக்கியம் அக்காவின் மகள் ஹட்டனிலிருந்து போன் செய்தபோது கடையில் நல்ல கூட்டம். "அம்மா போயிட்டாங்க மாமா. நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. யானி ஆன்ட்டிக்கு நீங்கதான் சொல்லணும்" என்றாள். நல்ல வேலை கொடுத்தாள். போனை வைத்துவிட்டு, யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தேன்.

வளைகுடாவில், குதைபியா பகுதியில் இருக்கும் என் நெட் கஃபேக்கு வெள்ளிக்கிழமைகளில் வந்து போனவர்களுக்கு அக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மலையகத்துப் பெண், ஒரு அரபி வீட்டில் சமையல். அதே வீட்டில் பிள்ளை பார்த்த இந்தோனேசியப் பெண்தான் யானி. லீவு கிடைத்தால் இருவரும் ஒரே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து டாங்டுட் பார்ப்பார்கள். யானியின் நாட்டில் பட்டிதொட்டியெல்லாம் ஒலிக்கும் பாட்டு அது. அந்தத் தாளத்தைக் கேட்டால் நம் கரகாட்டப் பாட்டுக்கு அத்தை மகள் என்று தோன்றும். சத்தத்தைக் குறைக்கச் சொன்னால், "காசு குடுத்துத்தானே கேக்குறோம் தம்பி, நீங்க காதைப் பொத்திக்கங்க" என்பார் அக்கா.

பாட்டை ஓடவிட்டு வாயசைத்து ஆடி, அதை வீடியோ எடுத்து நெட்டில் போடுவது அப்போது யானியின் ஊரில் பெரிய மோகம். அவளுக்கும் ஆசை வந்தது. சமையலறையில் அவள் கரண்டியை மைக்காகப் பிடித்து ஆட, அக்கா தன் கேமரா போனில் எடுத்தார். நான் ஏற்றிக் கொடுத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அவள் ஊர்க்காரர்கள் பலர் பார்த்துப் புகழ்ந்து எழுதியிருந்தார்கள். யானிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோதுதான் அக்கா என் தோளை அழுத்திப் பிடித்தார். "நிறுத்துங்க தம்பி." ஆடும் யானிக்குப் பின்னால், திறந்திருந்த கதவுக்கு அப்பால், அந்த வீட்டு மேடம் நடந்து போகிறார். வீட்டுக்குள் இருக்கிற மாதிரியே, தலையில் துணி இல்லாமல். முகம் தெளிவாகத் தெரிந்தது. அந்நிய ஆண் ஒருவன் கண்ணில் படாத தலைமுடியை ஊர் உலகமே பார்த்திருக்கிறது.

"எடுத்துருங்க இதை" என்றார் அக்கா. நெட்டிலிருந்தும் போனிலிருந்தும் அழித்தேன். யானி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். விஷயம் வெளியே வந்தால் போலீஸ், ஜெயில், பிறகு ஊருக்கு விமானம். அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

"கலாஸ், முடிஞ்சது. யாரும் வாயைத் திறக்காதீங்க" என்றேன்.

அக்கா தலையாட்டவில்லை. "அது அவுங்க முகம் தம்பி. நாளைக்கி யாராவது அவுங்க புருஷன்கிட்ட சொன்னா, அந்தம்மா ஒன்னும் தெரியாம முழிக்கும். நானே போய்ச் சொல்லிர்றேன்."

"உங்களை அனுப்பிடுவாங்க அக்கா."

"போனைப் புடிச்சது என் கை. ஆடுறவளுக்கு முதுகுல கண்ணா இருக்கு? பாத்துக்கிட்டு நின்னவ நான்தானே."

அன்று மாலையே சொல்லிவிட்டார். சேதி வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தெருவில் போலீஸ் வண்டி மெதுவாகப் போனாலே எழுந்து கடை ஷட்டரைப் பாதி இறக்கினேன். மேடம் அக்காவைக் கன்னத்தில் அறைந்தாராம், பிறகு தானும் உட்கார்ந்து அழுதாராம். போலீசுக்குப் போகவில்லை. யானியை வைத்துக்கொண்டார், அக்காவை அந்த வாரமே விமானம் ஏற்றினார். அக்காவின் மகள் அப்போது அந்தச் சம்பளத்தை நம்பித்தான் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு எத்தனையோ முறை போனில் பேசியும், அக்கா ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லை.

நேற்று யானியிடம் சொன்னேன். அழுது ஓய்ந்தபின், அந்த வீடியோ எங்காவது இருக்கிறதா என்று கேட்டாள். அதில் அக்கா தெரியமாட்டார். போனைப் பிடித்தபடி அடக்க முடியாமல் அவர் சிரிக்கும் சத்தம் மட்டும் இருந்தது. இல்லை என்றேன்.

இப்போதெல்லாம் யார் வீடியோ கொண்டுவந்தாலும் முதலில் ஆடுகிறவரைப் பார்ப்பதில்லை, பின்னால் யார் போகிறார் என்று பார்க்கிறேன். அக்கா எனக்கு விட்டுப்போனது அந்தப் பழக்கம். அன்று அழித்தது சரிதான், இன்றைக்கும் அழிப்பேன். ஆனால் அந்தச் சிரிப்பை இனி எங்கே போய்க் கேட்பது?