கங்காணியைக் கூப்பிட்ட காலை

போன வாரம் இறம்பொடையில் தேநீர் குடிக்க இறங்கினேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் வேன் நின்றது. உள்ளே கட்டில், அடுப்பு, ஜன்னலுக்குத் திரை எல்லாம் வைத்து, நாயோடு அதிலேயே குடியிருக்கிறார்களாம். கதவைத் திறந்ததும் வந்ததே ஒரு வாடை! நனைந்த நாயும் வதக்கிய வெங்காயமும் காயாத கம்பளியும் கலந்த வாடை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் நின்றேன். அது எங்கள் வீட்டு வாடை அல்லவா?

வீடு என்று பேச்சுக்குத்தான் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் ஹட்டனில் நாங்கள் வாடகைக்குக் கேட்டு ஏறி இறங்காத படி இல்லை. நாயையும் பூனையையும் பார்த்ததும், "ஒங்களுக்குத் தரலாம், இதுகளுக்கு முடியாதுங்க" என்பார்கள். "அப்ப எங்களுக்கும் வேணாங்க" என்று முறைத்துக்கொண்டு வந்து, அதிலேயே குடியிருக்க ஒரு பழைய வேனை வாங்கினார் என் வீட்டுக்காரர். வீடில்லாதவரை வீட்டுக்காரர் என்று சொல்ல எனக்கே சிரிப்பு வரும். தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய் போன் ரிப்பேர் செய்வது தொழில். அவர் போனைத் திறப்பார், நான் வாயைத் திறந்து ஆள் சேர்ப்பேன்.

அந்தப் பக்கம் சமதரை என்று ஒன்று ஏது? சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டுப் படுத்தால், விடியும்போது நாங்கள் இருவரும் நாயும் பின்கதவோடு ஒரே குவியலாகக் கிடப்போம். பூனை மட்டும் டிரைவர் சீட்டில் சொகுசாக இருக்கும். அதனால்தான் அதற்கு, தோட்டத்து மேனேஜரைச் சொல்வதுபோல, பெரிய தொரை என்று பெயர். "தொரை, கொஞ்சம் எந்திரிங்க, வண்டிய எடுக்கணும்" என்று தினமும் கெஞ்சவேண்டும். நாயின் பெயர் கங்காணி. கொழுந்து பறிக்கிற பெண்களிடம் வேலை வாங்கும் கங்காணியைப் போலவே, வழியில் யார் நடந்தாலும் பின்னாலேயே போகும்; நின்றால் குரைத்துக் கிளப்பிவிடும். பெயர் வைத்தபோது பெரிய சாமர்த்தியமாகத்தான் தெரிந்தது.

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் நிறுத்தியிருந்தோம். காலையில் எழுந்தால் கங்காணியைக் காணோம். பனிமூட்டத்தில் செடியும் தெரியவில்லை, பாதையும் தெரியவில்லை. முந்தின வாரம்தான் அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயத்து நாய் ஒன்றைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போயிருந்தது. வீட்டுக்காரர் ஒரு பக்கம் தேடி ஓட, நான் மலையைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"கங்காணீ! டேய் கங்காணி! எங்கடா போய்த் தொலஞ்ச?"

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களின் பேச்சு சட்டென்று நின்றது. பனிக்குள்ளிருந்து குடையோடு ஒருவர் இறங்கி வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நாந்தான் கங்காணி. என்னம்மா வேணும் ஒனக்கு?"

"ஒங்கள இல்லீங்கய்யா, நாய..." என்றேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நாயோட பேருங்க அது. காணாமப் போச்சுங்க. சிறுத்த ஏதும்..."

அவர் என்னையே பார்த்தார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, "என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? நீங்களும் கூப்பிடுங்க" என்றார்.

"என்னா பேரு சொல்லிக் கூப்பிடுறதுங்க?" என்றாள் ஒருத்தி, ஒன்றும் தெரியாதவள் போல.

"அதான் காதுல விழுந்துச்சே!"

அன்று அந்த மலை கண்ட கொண்டாட்டத்தை என்னவென்று சொல்ல! நிரைக்கு நிரை சத்தம் எழுந்தது. "கங்காணி, வாடா!" "எங்கள மட்டும் வெரட்டுவ, இப்ப எங்கடா ஒளிஞ்சிருக்க?" "கங்காணி, ஒழுங்கு மரியாதயா வந்துரு!" அழுதுகொண்டிருந்த எனக்கே சிரிப்பு முட்டியது. அவரோ குடையை ஊன்றிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அந்த மனுஷனை நினைத்தால் இன்றும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

கடைசியில் கீழே புள்ளக்காம்பராவிலிருந்து ஒரு குரைப்பு கேட்டது. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. வாயெல்லாம் பிஸ்கட் தூளோடு ஓடி வந்த எங்கள் நாய், என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே பெண்களுக்குப் பின்னால் போய் நின்று, வேலையைப் பாருங்கள் என்பது போலக் குரைத்தது. முதலில் சிரித்தவர் கங்காணிதான்.

பிறகு கினிகத்தேனையில் கடை போட்டோம், வேனை விற்று வீடும் கட்டினோம். பெரிய தொரை முதலில் போனது. கங்காணி வயதாகி, என் மடியில்தான் கண்ணை மூடியது. அதில் எனக்கு ஒரு நிம்மதி.

போன மாதம் நோர்வூட் பக்கம் போக நேர்ந்தது. அந்த மலையில் இடுப்பளவு புல். தேயிலையைத் தேடவேண்டியிருந்தது. பெண்களில் பாதிப்பேர் கொழும்பிலாம், மீதிப்பேர் வெளிநாட்டிலாம். "ஒருதரம் கூப்பிட்டுப் பாரேன்" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். இன்றைக்கு அங்கே ஒரு நாய் தொலைந்தால், சேர்ந்து கூப்பிட நாலு குரல் இல்லை.